இருண்ட கொட்டிலில் நாற்றுக்கு ஒளி

கொட்டிலுக்குள் போட்ட மிளகாய் நாற்று வெளிறி, நீண்டு சாய்ந்தால் விதையைக் குறை கூறவேண்டாம், வெளிச்சந்தான் போதவில்லை. 12 வோல்ற் வெள்ளை எல்.ஈ.டி. பட்டி இதற்கு உதவும். வெட்டுக்குறி உள்ள இடத்தில் மட்டும் வெட்டி, சூடு இறங்க அலுமினியத் தகட்டில் ஒட்டி, நாற்றுக்கு ஒரு சாண் மேலே தொங்கவிடுவோம். துண்டுகளின் நேர் முனைகளை ஒன்றாகவும் மறை முனைகளை ஒன்றாகவும் இணைக்கவேண்டும், மாறினால் எரியாது. பற்றறியின் நேர் முனைக்கு அருகிலேயே 5 அம்பியர் உருகி கட்டாயம். ஓலைக் கூரைக்கு ஒரு பொறி போதுமே!

மீற்றருக்கு 14 வாற்று எடுக்கும் பட்டி 2 மீற்றர், 12 மணி நேரம் எரிந்தால் 60 அம்பியர்-மணிப் பற்றறியில் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிடும். ஆகவே பகலில் தட்டை வாசலில் வைத்து, மாலையில் 4 மணி நேரம் மட்டும் எரிப்போம். காய்க்கும் செடிக்கு இவ்வொளி காணாது.