கன்றுக்கும் வெயில் வேண்டும்



பலாபத்வல பக்கத்து லயங்களில் மாடு வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாடம். தேயிலைக்குள் மாடு நுழைந்தால் வில்லங்கம், வெளியே கட்டினால் அட்டை. அதனால் புல்லை அறுத்துச் சுமந்து வந்து கொட்டிலிலேயே போடுகிறோம். கன்று பிறந்த நாள் முதல் தகரத்துக்குக் கீழேயே கிடக்கிறது, பாவம். "புல்லும் தண்ணியும் கெடச்சா போதாதா, வெயில் எதுக்கு?" என்று கேட்பீர்கள். எலும்புக்காகத்தான்.

மாட்டின் தோலில் ஒருவகைக் கொழுப்புப் பொருள் உண்டு. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டால் அது விற்றமின் டி ஆக மாறும். பிறகு ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாறித்தான் உடம்புக்கு உதவும். தீனியிலுள்ள கல்சியத்தைக் குடலிலிருந்து இழுத்தெடுப்பது அதன் வேலை. அது குறைந்தால் எவ்வளவு நல்ல தீனி வைத்தாலும் கல்சியம் சாணத்தோடு போய்விடும். கன்றின் மூட்டுகள் வீங்கும், முதுகு கூனும், முன்னங்கால் வளையும். இதைத்தான் ரிக்கட்ஸ் என்கிறார்கள். தொப்புள் வழியே கிருமி ஏறினாலும் மூட்டு வீங்கும். ஆகவே மிருக வைத்தியரிடம் காட்டாமல் நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

பச்சைப் புல்லில் இந்த விற்றமின் மிகக் குறைவு. வெயிலில் காய்ந்த புல்லில் ஓரளவு இருக்கும். தீனியின் மேல் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினாலே அதற்கு ரிக்கட்ஸைத் தடுக்கும் சக்தி வருகிறது என்று அமெரிக்காவில் ஸ்டீன்பொக் என்பவர் 1924-ல் காட்டினார்.

கோழிக்கு உடம்பெல்லாம் இறகு. ஆனாலும் இறகில்லாத காலிலும் பாதத்திலும் வெயில் பட்டால் போதும், விற்றமின் உண்டாகும். வெளியே மேயும் கோழியின் மஞ்சள் கருவிலும் அது கூடுதலாக இருக்கும். முட்டை ஓடு மெல்லிசாக வந்தால் வெயிலோடு, முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்துத் தூளாக்கியும் கொடுங்கள். கல்சியமே இல்லாத இடத்தில் வெயில் என்ன செய்யும்?

வேடிக்கை என்னவென்றால், நாள் முழுக்க வாசலில் வெயில் காயும் நாயின் தோலில் இது உண்டாவது மிகமிகக் குறைவு. பூனைக்கும் அப்படியே. மீன், முட்டை, ஈரல்தான் அவற்றுக்கு வழி. இங்கிலாந்தில் மெலன்பி 1919-ல் நாய்க்குட்டிகளுக்குத் தானிய உணவையே கொடுத்து ரிக்கட்ஸ் வரவைத்தார். மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தபோது அது வரவில்லை. நம் நாய்க்கும் வெறும் சோறு போதாது.

எந்த வெயில்? பெரட்டு நேரத்து இளவெயிலில் அந்தக் கதிர் சொற்பம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் நல்லது. மாத்தளையில் வருடம் முழுக்க 10 மணி முதல் 2 மணி வரை. கண்ணாடிக்குள்ளால் வரும் வெயிலும் கொட்டில் வெளிச்சமும் கணக்கில்லை. 10 மணிக்கு வேலைக்காட்டில் இருப்பீர்கள், தெரியும். வீட்டிலிருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ சொல்லி, கன்றை வெளியே கட்டி, கொஞ்ச நேரத்தில் நிழலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். கலப்பின மாடு சூடு தாங்காது. மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடைமழை நாட்களில் கவலை வேண்டாம். வெயில் நாளில் உண்டான விற்றமின் உடம்புக் கொழுப்பில் தங்கியிருந்து பிறகு உதவும். மழை விட்டதும் கன்றை மறுபடி வெளியே கட்டுங்கள்.