எர்த் கம்பியும் மோட்டார் கொட்டகை பல்பும்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில், மோட்டார் கொட்டகைக்குள் எரியும் குண்டு பல்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். சில கொட்டகைகளில் அதன் ஒரு ஒயர் பேஸிலிருந்து வரும். இன்னொன்று நியூட்ரலுக்குப் போகாமல், வாசலில் மண்ணில் அடித்து வைத்த இரும்புக் கம்பியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் பல்பு மங்கினால் கம்பியடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். பளிச்சென்று எரியும்.

“பூமி கரண்டை இழுக்குது பாருங்க” என்பார் கொட்டகைக்காரர். எர்த் பற்றி ஊரில் உலவும் தப்பு நம்பிக்கைகளில் பாதி இந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்தவை.

பூமி எதையும் இழுப்பதில்லை. மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும். அந்த இடம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர். அதன் நியூட்ரலை மின்வாரியமே அங்கே மண்ணில் இறக்கி வைத்திருக்கிறது. கொட்டகைக் கம்பியில் இறங்குகிற கரண்ட் மண் வழியாக அங்கே போய்ச் சேர்கிறது. அதாவது மண் ஒரு மட்டமான ஒயர். தண்ணீர் ஊற்றினால் சற்றே தேவலாம்.

சரி, கம்பியிலிருந்து ஒயர் கழன்றால்? பல்பு அணைந்துவிடும். ‘எர்த் ஒயர்தானே’ என்று வெறுங்காலோடு அதைக் கையில் எடுத்தால் பல்பு வழியாக 230 வோல்ட் வந்து நிற்கும். கம்பி செய்துகொண்டிருந்த வேலையை, அதைத் தொட்டவர் உடம்பு செய்யத் தொடங்கும். ஈர உடம்பின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம். பல்பும் குறுக்கே தடுத்தாலும் ஓடக்கூடியது 100 மில்லி ஆம்பியருக்கு மேல். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த பிடியை விட முடியாது. சில பத்து மில்லி ஆம்பியரில் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

‘ஒத்தை ஒயர் ஷாக் அடிக்காது’ என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. கல்வராயன் மலை மரவள்ளிக் காட்டில் காட்டுப்பன்றி புகுந்தால் ஒரே இரவில் கிழங்கைக் கிளறிப் போட்டுவிடும். விவசாயியின் ஆத்திரம் நியாயமானதே. ஆனால் வயலைச் சுற்றி ஒரு வெறுங்கம்பியைக் கட்டி அதில் வீட்டு மின்சாரத்தை ஏற்றுவது குற்றம். இரண்டாவது ஒயராகக் காலடி மண்ணே இருக்கிறது. நடுவில் வந்து மாட்டுவது பன்றியா, தண்ணீர் பாய்ச்சப் போன ஆளா என்பது கம்பிக்குத் தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்த ஆண்டிலேயே மின்வேலிகளைப் பதிவு செய்யவும் முறைப்படுத்தவும் தமிழக அரசு விதிகளைக் கொண்டுவந்தது. சோலார் வேலியும் சில ஆயிரம் வோல்ட்தான். ஆனால் அது நொடிக்கு ஒரு தரம், கண்ணிமைப்பதற்கும் குறைவான நேரம் மட்டும் சுளீரென்று அடித்து விட்டுவிடும். உதறிக்கொண்டு விலக அவகாசம் கிடைக்கும்.

‘எர்த் போட்டாச்சு, இனி பயமில்லை’ என்பதில் பாதிதான் உண்மை. குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டாலும், வெள்ளிமலை மாதிரிப் பாறை பூமியில் எர்த்தின் தடை எளிதில் இறங்காது. 20 ஓம் என்று வையுங்கள். மோட்டார் பாடியில் பேஸ் ஒட்டினால் ஓடுவது அதிகபட்சம் 11.5 ஆம்பியர். தானாக விழ வேண்டிய 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் அசையக்கூட அசையாது, அதன் வேலை ஒயரைக் காப்பது. மோட்டார் பாடி கரண்டோடு அப்படியே நிற்கும்.

ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சுவிட்ச் வேண்டும். பேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சரியாக இருக்கிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் எங்காவது ஒழுகினால் கண நேரத்தில் துண்டித்துவிடும். எர்த்தும் கூட இருந்தால், ஆள் தொடுவதற்கு முன்பே ஒழுக்கு பிடிபடும். பேஸையும் நியூட்ரலையும் இரு கையில் பிடித்தால் மட்டும் அதற்குக் கணக்கு சரியாகத் தெரியும், காப்பாற்றாது. அதன் மேல் ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. பல வீடுகளில் அதில் படிந்த தூசியைப் பார்த்தாலே யாரும் தொட்டதில்லை என்று தெரியும்.

‘ரப்பர் செருப்பு போட்டால் ஷாக் அடிக்காது’ என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை விழுந்து நனைந்த ஹவாய் செருப்பு, செருப்பே இல்லாததற்குச் சமம். உயர் அழுத்தக் கம்பியிடம் புதுச் செருப்பும் செல்லாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் அப்படியொரு கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள்.

கடைசியாக, ஷாக் அடித்தவரைக் கழுத்து வரை மண்ணில் புதைத்தால் ‘கரண்ட் இறங்கிடும்’ என்பது. இதுவும் கொட்டகைக்காரர் பேச்சின் வாரிசுதான். இறங்குவதற்கு உடம்பில் எதுவும் தங்கியிருப்பதில்லை. தொடர்பு அறுந்த கணமே கரண்ட் போய்விடுகிறது. நின்று போயிருப்பது இதயம். முதலில் மெயினை அணைத்து, 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சில்லாமல் கிடந்தால் நடுமார்பில் இரு கையையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, வண்டி வரும் வரை அழுத்த வேண்டும். குழி தோண்டுகிற நேரத்தில் இதைச் செய்யலாம். குழிக்குள் இறக்கிவிட்டால் கை வைக்க மார்பு வெளியே இருக்காது.