குளிரும் மருந்தைக் கெடுக்கும்



தடுப்பு மருந்துகள் வெப்பத்தில் கெட்டுப்போகும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அளவுக்கு மிஞ்சிய குளிரும் அவற்றைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பெட்டியில் ஐஸ் கூடக்கூட நல்லது என்றே நினைக்கிறார்கள்.

கிராமங்களுக்கு நாங்கள் எடுத்துச் செல்லும் தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்கவேண்டும். நீங்கள் வாங்கித் தந்த தெர்மாமீட்டரைத் தினமும் இருவேளை பார்த்துக் குறித்துவைக்கிறோம். முத்தடுப்பு, ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி ஆகிய ஊசி மருந்துகளில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. உறைந்தால் அது திரண்டுவிடும். மருந்தின் வீரியம் குறைந்துபோகும். உருகிய பின்போ பார்வைக்குப் பழையபடியே தோன்றும். பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று என்று தாய் நிம்மதியாக வீடு திரும்புவாள், பாதுகாப்போ இராது.

குப்பியின்மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிறிய சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. 1996ல் போலியோ சொட்டு மருந்தில் தொடங்கிய ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வெப்பத்தை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

ஆகையால் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் மருந்தோடு வைப்பதில்லை. மேலே வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும்வரை வெளியே வைக்கிறோம். புறப்படும் அவசரத்தில் இதற்கு மிகுந்த பொறுமை வேண்டும்! மருந்து உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், அதே தயாரிப்பு எண்ணுள்ள வேறொரு குப்பியை வேண்டுமென்றே உறையவைத்து, உருகவிட்டு, இரண்டையும் குலுக்கி அருகருகே வைக்கிறோம். சந்தேகக் குப்பியிலும் படிவு அதே வேகத்தில் அடியில் இறங்கினால், அதை யாருக்கும் போடுவதில்லை.