தோட்டத்துப் பாதைக்கு எந்த வண்டி?

தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தினமும் தக்காளி ஏற்ற பிக்-அப் வாங்கப்போகிறேன். பாதி தூரம் மண்பாதை. முன்பக்கம் ஒரே ஆக்சில் நல்லதா, இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் நல்லதா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

ஒரே ஆக்சில் உள்ளதையே வாங்குங்கள். டாடா ஏஸில் இருப்பதுபோல இரு முன்சக்கரங்களும் ஒரே தண்டில் நிற்கும்போது, இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலதும் சாயும். ஸ்டீயரிங் கையில் உதைக்கும். ஆனால் தேயும் உறுப்புகள் குறைவு. கிங்பின்னுக்குத் தவறாமல் கிரீஸ் அடியுங்கள். ஸ்பிரிங் பட்டை முறிந்தாலும் உள்ளூர்ப் பட்டறையிலேயே மாற்றிவிடலாம்.

இசுசு டி-மேக்ஸ் போன்றவற்றில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். நெடுஞ்சாலையில் அது சொகுசு. மண்பாதையில் பால் ஜாயின்ட், புஷ் எல்லாம் சீக்கிரம் தேயும். அலைன்மென்ட் கெட்டு டயர் ஒரு ஓரமாக வழுக்கையாகும். தினமும் சென்னைக்கு ஓடுபவர் என்றால் அதையே சொல்லியிருப்பேன்.

தக்காளி நசுங்குமே என்ற கவலை வேண்டாம். சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது பின் ஆக்சில். அது இரண்டு வண்டியிலும் ஒரே தண்டுதான். பின்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். குழி வந்தால் இரண்டாம் கியரில் இறக்குங்கள். காய் முழுசாகச் சந்தை சேரும்.