தலைகீழாகத் தொங்கிய ஏர்



ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றிய நாட்களில் மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிப் பாலத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். அந்தத் தீவுக் கோட்டையில் ஆட்சி செய்த ஓர் அமைச்சரின் கதையை ஓய்வு பெற்ற பின்னரே படித்தேன். பிழைக்க வந்த மண்ணின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

சிக்கதேவராஜ உடையார் (1673–1704) இளமையில் ஹங்களம் என்ற ஊரில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அங்கே அவருக்கு உற்ற தோழராக இருந்தவர் விசாலாட்ச பண்டிதர் என்னும் ஜைனர். அரியணை ஏறியதும் அரசர் அவரையே முதலமைச்சர் ஆக்கினார்.

போர்களுக்குப் பணம் வேண்டும். ஆனால் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கே அரசனுக்கு உரியது என்பது அறநூல் விதி. விதியை மீறாமலே வருவாயைப் பெருக்க, பல பெயர்களில் சில்லறை வரிகள் விதிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் சிறியது, சேர்ந்தபோது உழவனின் முதுகு ஒடிந்தது. உழவர்கள் ஏரைத் தலைகீழாக ஊர் வாசல் மரத்தில் தொங்கவிட்டுக் கிளர்ந்தெழுந்தார்கள் என்று ஆங்கிலேயரான வில்க்ஸ் தம் மைசூர் வரலாற்றில் எழுதுகிறார். கிளர்ச்சி இரத்தம் சிந்தி அடக்கப்பட்டது.

வரியின் பயன் அரசருக்கு, பழி அமைச்சருக்கு. 1686இல் பண்டிதர் கொலை செய்யப்பட்டார்.

இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. முதலாம் சார்லஸ் மன்னருக்காகக் கடுமையாக ஆட்சி நடத்திய ஸ்ட்ராஃபோர்ட் பிரபுவின் தலை 1641இல் வெட்டப்பட்டது. அதற்கு ஒப்புதல் தந்து கையெழுத்திட்டவர் அதே மன்னர்! மைசூர் அரசர் தம் தோழரைக் கைவிடவில்லை. உயிர் பிரியும் வேளையில் பண்டிதர் தமக்குப் பின் அமைச்சராகத் தகுந்தவர் என்று சொன்னது தம் மதத்தவரை அல்ல, வைணவரான திருமலையங்காரை. அரசரும் அதை ஏற்றார். கன்னடத்தில் நூல்கள் இயற்றிய புலவர் அவர்.

பாலம் கட்டுபவன் ஒரு சக்கரத்தின் பளுவை மட்டும் பார்த்தால் போதாது. முழு வண்டியின் பளுவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பண்டிதரின் நிர்வாகம் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பார்த்தது. சுமந்தவனோ மொத்தத்தையும் சுமந்தான்.

குழந்தைகளே, அடுத்த முறை அந்தப் பாலத்தைக் கடக்கும்போது மரத்தில் தொங்கிய அந்த ஏரை நினைத்துக்கொள்ளுங்கள்.