இராகலைப் பாதை ஏன் மூடப்பட்டது?

பதுளைக் கோச்சியில் எத்தனையோ முறை போய்வந்த எம்மிற் பலருக்கும், நானுஓயாவிலிருந்து ஒருகாலத்தில் இன்னொரு பாதை பிரிந்து சென்றது தெரியாது. ஊவாவை அடுத்துள்ள உடப்புசல்லாவ மலைத்தோட்டங்களுக்காகப் போடப்பட்ட பாதை அது. 1903 இல் நுவரெலியா வரையும், 1904 இல் கந்தப்பளை வழியாக இராகலை வரையும் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 19 மைல். கந்தப்பளை நிலையம் 6,300 அடிக்கும் மேலே இருந்தது. நாட்டிலேயே உயர்ந்ததென நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பட்டிப்பொல நிலையம்கூட அதற்குக் கீழேதான்!

1940களில் இப்பாதை மூடப்பட்டது. காரணத்தை விளங்கிக்கொள்ளத் தண்டவாளத்தின் அகலத்தைப் பார்க்க வேண்டும். பிரதான பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஐந்தரை அடி. இராகலைப் பாதையிலோ இரண்டரை அடிதான். ஒடுங்கிய பாதை மலையோடு வளைந்து போகும். மலையை வெட்டும் வேலை குறைவு, ஆரம்பச் செலவும் குறைவு. ஆனால் அதில் ஓடும் பெட்டி பிரதான பாதையில் ஓடாது. ஆகவே கொழும்பிலிருந்து வந்த அரிசி, உரம் எல்லாவற்றையும் நானுஓயாவில் இறக்கி, சின்னப் பெட்டிகளில் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. கீழே இறங்கிய தேயிலைப் பெட்டிகளுக்கும் இதே கதி. தொழிற்சாலையிலிருந்து நிலையத்துக்குக் கொண்டுவரும் வேலை வேறு. ஒரே சரக்கை எத்தனை முறை தூக்குவது?

வீதிகள் திருத்தமாகி லொறிகள் வந்தபோது, தொழிற்சாலை வாசலில் ஏற்றியதை நேரே நானுஓயாவில் இறக்க முடிந்தது. நுவரெலியாவுக்குப் போகும் பயணிகளையும் மோட்டார் வாகனங்கள் எடுத்துக்கொண்டன. சரக்கும் பயணிகளும் போனபின் பாதைக்கு என்ன வேலை?

பதுளையின் கதை வேறு. புகையிரதம் 1894 இல் பண்டாரவளைக்கு வந்தது. அடுத்த இருபது மைல் அளவைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 இல்தான் பதுளை நிலையம் திறக்கப்பட்டது. தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக் கீழிறங்கும் வளைவு, ஒன்பது வளைவுப் பாலம் என எவ்வளவோ செலவழித்தும் அகலப் பாதையே போடப்பட்டது. பதுளையில் ஏற்றிய பெட்டி அப்படியே கொழும்புக்குப் போனது. தாமதமாகவும் செலவோடும் வந்த பாதை நிலைத்தது. மலிவாக வந்தது போய்விட்டது.

இரண்டு பாதைகளையும் திட்டமிட்டபோது முதலில் எண்ணப்பட்டது தேயிலைதான், லயத்து மக்களின் பயணமல்ல. இராகலைப் பாதையை மூடுவதா என்று அவர்களிடம் யார் கேட்டிருப்பார்கள்? நிலைத்த பாதையும் அவர்களுக்கு இருமுகம் காட்டியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் மலையக நிலையங்களிலிருந்தே தலைமன்னாருக்கு ஏறின. வழியனுப்ப வந்தவர்களின் அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது.

குழுக்களில் பேச: உங்கள் தோட்டத்திலிருந்து மிக அருகிலுள்ள நிலையம் எவ்வளவு தூரம்? கோச்சி நின்றுபோனால் முதலில் சிரமப்படுவது யார், பாடசாலைப் பிள்ளைகளா, மருந்தெடுக்கப் போவோரா, மரக்கறி விற்கப் போவோரா? உங்கள் பகுதி முதியோரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.