வெட்டியது போக மீதி

ஏழாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவை நடத்தும்போது, 14 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துணியைக் கொடுத்து, அதில் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தை வெட்டச் சொல்வேன். சதுரம் 196 ச.செ.மீ., வட்டம் 154. மீதி 42, நூற்றுக்கு 21-க்குச் சற்று மேல். ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பலரின் அம்மாக்கள் ஷூ கம்பெனியில் கட்டிங்கிலோ தையலிலோ இருக்கிறார்கள்.

அந்த 42 என்ன ஆகும்? இந்த இடத்தில் சுனாமிகாவைச் சொல்கிறேன். ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை 1997-இல் தொடங்கியவர் உமா பிரஜாபதி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், அக்கம்பக்கத்து மீனவக் கிராமப் பெண்கள் அங்கே பயிற்சி பெற்று, தையல் கழிவுத் துணியில் கட்டைவிரல் அளவே உள்ள பொம்மைகளைச் செய்தார்கள். அவைதான் சுனாமிகா. லட்சக்கணக்கில் உலகமெங்கும் போயின. ஆனால் ஒன்றுகூட விலைக்கு அல்ல, எல்லாம் அன்பளிப்பு.

"அப்ப அந்த அம்மாக்களுக்குக் கூலி யார் டீச்சர் கொடுப்பாங்க?" என்று உடனே கேள்வி வந்தது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை கேட்கும் கேள்வி! நன்கொடையிலிருந்து என்றேன். துணி சும்மா கிடைக்கும், கைவேலை சும்மா கிடைக்காது என்பதை அவர்களே பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பொம்மை செய்து, ஆன நிமிடங்களைக் குறிக்கச் சொன்னேன். பெரும்பாலோருக்கு ஒரு பாடவேளை போதவில்லை.

செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று: டெய்லர் கடை வெட்டுத்துணியும் ஷூ லைனிங் துணியும் போதும். தோல் துண்டு வேண்டாம். இங்கே தோலைப் பெரும்பாலும் குரோமிய உப்பில்தான் பதனிடுகிறார்கள். அதைக் குப்பையோடு கொளுத்தினால் நச்சுத்தன்மை மிகுந்த குரோமியம் உண்டாகலாம். அறிவியல் வகுப்பில் இதைத் தனியாகவே பேசலாம்.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த தாய்மார் இருவரை, பிள்ளைகளுக்குத் தைக்கச் சொல்லித்தரும்படி கேட்டேன். ஒருவர் எந்தக் கூட்டத்திலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். தயங்கித்தான் வந்தார். "நூலை முழ நீளத்துக்கு மேல எடுக்காதீங்க, சிக்கிக்கும்" என்று தொடங்கியவர், பேசிக்கொண்டே ஆறு நிமிடத்தில் ஒரு பொம்மையை முடித்தார். அவருடைய மகள் அதைத் தன் அட்டவணையில், தன் 52 நிமிடத்துக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.